பால்வீதிப் படத்தில் ஒரு கோடு குறைகிறது

பால்வீதியை வரையச் சொன்னால், மாணவர்களில் பலர் நடுவில் வட்டமாக ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்தே சுருள் கரங்களை இழுத்துவிடுவார்கள். அது பழைய படம். அதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

நமது பால்வீதி ஒரு பட்டைச் சுருள் விண்மீன் மண்டலம். அதன் மையத்துக்குக் குறுக்கே, விண்மீன்கள் திரண்ட நீண்ட பட்டை ஒன்று உள்ளது. நீளம் சுமார் 27,000 ஒளியாண்டுகள். சூரியனிலிருந்து பால்வீதியின் மையமே ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தொலைவில்தான் இருக்கிறது. இவ்வளவு பெரிய பட்டையை விட்டுவிட்டு வரைவது, தீபகற்ப மலேசியாவின் நில வரைபடத்தில் தித்திவாங்சா மலைத்தொடரை விட்டுவிடுவதைப் போன்றது.

“படம் எளிமையாக இருந்தால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். பட்டை வெறும் அலங்காரமாக இருந்தால் சரி எனலாம். ஆனால், அது வேலை செய்கிறது. அது இரும்புக் கம்பி போன்ற திடப்பொருள் அன்று; நீண்டு ஒடுங்கிய பாதைகளில் சுற்றிவரும் கோடானுகோடி விண்மீன்களின் திரள். அத்திரள் மத்துபோலச் சுழலும்போது, அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள வாயுவைக் கலக்குகிறது. வாயு மேகங்கள் ஒன்றோடொன்று மோதி, வேகம் இழந்து, மையத்தை நோக்கிச் சரிகின்றன. அங்கே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. பட்டை இல்லாத படத்தைப் பார்ப்பவருக்கு, அந்த வாயு மையத்துக்கு எப்படி வந்தது என்ற கேள்வியே எழாது.

இன்னொரு காரணமும் உண்டு. 1936இல் எட்வின் ஹபிள், இசைக்கவை வடிவப் படம் ஒன்றில் சுருள் மண்டலங்களைப் பட்டை உள்ளவை, இல்லாதவை என இரு கிளைகளாகக் காட்டினார். நமது மண்டலம் எந்தக் கிளையைச் சேர்ந்தது? நாம் அதற்குள்ளேயே இருப்பதாலும், தூசு மறைப்பதாலும் விடை எளிதில் கிடைக்கவில்லை. 1964இல் ஜெரார் டி வோகுலர், மையப் பகுதி வாயுவின் வேகங்களைக் கொண்டு பட்டை இருக்கலாம் என்றார். 1990களில் சான்றுகள் பெருகின. தூசைக் கடந்துவரும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு, ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி சுமார் 3 கோடி விண்மீன்களை ஆராய்ந்தது. 2005இல் வெளியான அந்த ஆய்வுதான் பட்டையின் நீளத்தைத் தெளிவாக்கியது. பழைய படத்தையே வைத்திருந்தால், இந்த உழைப்பு முழுவதும் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

எனவே மாணவர்களே, அடுத்த முறை பால்வீதியை வரையும்போது முதலில் நடுவில் ஒரு பட்டையைப் போடுங்கள். அதன் இரு முனைகளிலிருந்தும் கரங்களைத் தொடங்குங்கள். வகுப்புச் சுவரில் பழைய படம் இருந்தால், ஆசிரியரிடம் சொல்லிப் புதிதாக வரைந்து ஒட்டுங்கள்.