முற்றத்து மண்ணை மூடாதீர்!

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழை சுண்ணக்கற் பாறையுள் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராய்த் தங்குகின்றது. தோட்டக்காரரும் உத்தியோகத்தரும் உயிர்வாழ்வது அந்நீராலேயே.

இன்று வீடு திருத்துவோர் பலர் செய்வதென்ன? வேலியை வெட்டி மதில் எழுப்புகின்றனர். வளவு முழுவதற்கும் சீமெந்து பூசுகின்றனர். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,300 லீற்றர் நீர் சேரும். அது ஒழுங்கை வழியோடி வீணே கடலை அடைகின்றது. கோடையில் கிணறு உவர்த்ததும் விதியை நோகின்றோம்!

நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்துக்கு 2007இல் வந்த திருத்தம் மழைநீர் சேகரிப்பை வலியுறுத்தியது. ஆயினும், சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருப்பது நமக்கு அழகன்று. முற்றம் மண்ணாகவே இருக்கட்டும். கூரைநீரைப் பீலி வைத்துத் தொட்டியில் சேர்ப்போம். மிஞ்சுவதைக் கல்லும் மணலும் இட்ட குழியில் இறக்குவோம். மலக்குழியைக் கிணற்றுக்கு அருகே வெட்டாதிருப்போம். அதன் கசிவு பாறை வெடிப்புகளூடே அயலவர் கிணற்றையும் கெடுக்கும். தோட்டத்தில் அளவுமீறி இடும் யூரியாவும் அவ்வாறே.

மண்ணின் உரிமையை மேடைதோறும் முழங்கும் நாம், நமது வளவு மண்ணுக்கு மழையை மறுப்பது முறையாகுமா?