கணிப்பு வேறு, தீர்ப்பு வேறு

தேர்தல் நெருங்க நெருங்கக் கருத்துக் கணிப்புகளும் வரிசையாக வரத் தொடங்கிவிடும். இந்தக் கட்சியின் செல்வாக்கு இரண்டு சதவீதம் ஏறிவிட்டது, அந்தக் கட்சிக்கு மூன்று சதவீதம் இறங்கிவிட்டது என்று டெலிவிஷனில் கோடுகள் மேலும் கீழும் ஓடும். மறுநாள் காலையில் டீக்கடையிலும் தொழிற்சாலைக் கான்டீனிலும் அதே பேச்சு. "யார் வரப்போகிறார்கள் என்பது தெரிந்துவிட்டதே, இனி நம் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று முடிகிறது அந்தப் பேச்சு. கணிப்பு தவறிப்போவதைவிட இந்த முடிவுதான் அதிகத் தீங்கானது.

கணிப்புகள் தவறுவது புதிதல்ல. 2004ல் பாரதிய ஜனதா கூட்டணியே மீண்டும் வரும் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. எண்ணி முடித்தபோது காங்கிரசுக்கு 145 இடங்கள், பாரதிய ஜனதாவுக்கு 138. இருபது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் 1ந் தேதி மாலை, அதே கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்று பல கணிப்புகள் அடித்துச் சொல்லின. சில 400ஐயும் தொட்டன. ஜூன் 4ந் தேதி கிடைத்தவை 293. பாரதிய ஜனதாவுக்குத் தனியாக 240. வாக்களித்துவிட்டு வெளியே வருபவர்களிடம் கேட்டு எடுத்த கணிப்பின் கதியே இதுவென்றால், மாதக்கணக்கில் முன்கூட்டி எடுக்கும் கணிப்பு எம்மாத்திரம்?

இதனால் கணிப்புகள் எல்லாமே பொய் என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. எல்லாத் தரப்பிலிருந்தும் முறையாகப் பொறுக்கி எடுத்த ஆயிரம் பேரைக் கேட்டால், கட்சிகளின் பலத்தைப் பெரும்பாலும் மூன்று சதவீதம் முன்பின்னாக அறிந்துகொள்ள முடியும். சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. முதலாவது, முறையாகப் பொறுக்குவது. விடியற்காலை ஷிப்டுக்குப் போய் இருட்டிய பின் வீடு திரும்பும் தொழிலாளி, கேள்வி கேட்பவர் கண்ணில் படுவதே அரிது. பட்டாலும், யாரோ எவரோ என்ற தயக்கத்தில் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார். இரண்டாவது, சதவீதத்தை இடங்களாக மாற்றும் கணக்கு. அங்கேதான் பெரிய பெரிய நிபுணர்களும் சறுக்குகிறார்கள்.

இதற்குக் கர்நாடகத்தைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. 2018 சட்டசபைத் தேர்தலில் பாரதிய ஜனதா பெற்ற வாக்கு சுமார் 36 சதவீதம். 2023லும் சுமார் 36 சதவீதமே. ஆனால் 104 ஆக இருந்த இடங்கள் 66 ஆகக் குறைந்தன. காங்கிரஸ் 38 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 43க்கு உயர்ந்து, 80 இடங்களிலிருந்து 135க்குப் போயிற்று. மதச்சார்பற்ற ஜனதா தளம் 18லிருந்து 13 சதவீதத்துக்கு இறங்கி, 37 இடங்களிலிருந்து 19 ஆயிற்று. 2018ல் அதிக வாக்கு காங்கிரசுக்கு. அதிக இடங்களோ பாரதிய ஜனதாவுக்கு! நாடு முழுவதற்கும் இதே கதைதான். 2019க்கும் 2024க்கும் இடையே பாரதிய ஜனதாவின் வாக்கு ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. இழந்த இடங்களோ 63. எதிர்க்கட்சிகளின் வாக்கு எங்கே சிதறுகிறது, எங்கே ஒன்று சேருகிறது என்பதே வெற்றி தோல்வியை நிர்ணயிக்கிறது. வாக்காளர் மனம் சற்று அசைந்தாலும் பலன் பன்மடங்காகிவிடுகிறது.

தொகுதி அளவில் பார்த்தால் இது இன்னும் தெளிவு. 2023ல் பெங்களூர் ஜெயநகர் தொகுதியில் மறு எண்ணிக்கைக்குப் பிறகு வெற்றியை நிர்ணயித்தவை 16 வாக்குகள். இரண்டு மூன்று வீட்டார் அன்று சாவடிக்குப் போயிருந்தாலோ, போகாமல் இருந்திருந்தாலோ முடிவு மாறியிருக்கும். இதை எந்தக் கணிப்பு முன்கூட்டிச் சொல்ல முடியும்? ஆனால் மாநிலமெங்கும் 73 சதவீதத்துக்கு மேல் வாக்களித்த அந்தத் தேர்தலில், தலைநகரில் பதிவானது பாதிக்குச் சற்று மேல்தான்.

இங்கேதான் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து ஆண்டுகள் பல ஆகியும், பெயர் ஊர்ப் பட்டியலிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டவர்கள் உண்டு. சட்டமோ, ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவர் வாக்காளர் என்கிறது. ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது. இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருக்கவும் கூடாது. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2025ல் தமிழ்நாட்டில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தில், குடிபெயர்ந்துவிட்டவர்கள் என்று கண்டறியப்பட்டவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அங்கே பெயர் போய், இங்கேயும் சேராமல் இருந்தால், இரண்டு மாநிலத்திலும் கணக்கில் வராத மனிதராகிவிட நேரும்.

புதிதாகச் சேர 6ஆம் எண் படிவம். குடிமாறியவர்களுக்கு 8ஆம் எண் படிவம். தேர்தல் நாளன்று சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்பதும் சட்டம். தினக்கூலிக்காரருக்கும் அது பொருந்தும். இதை முதலாளிகளுக்கு நினைவூட்டுவது சங்கங்களின் கடமை. தொழிலாளர் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் நடத்திப் பெயர் சேர்ப்பது அதிகாரிகளின் கடமை. கணிப்பு வெளியிடுபவர்களும் எத்தனை பேரை, எங்கே, எப்போது கேட்டார்கள், அதற்குப் பணம் கொடுத்தது யார் என்பதைச் சேர்த்தே வெளியிடவேண்டும்.

கணிப்பைக் கேட்டு ரசிப்பதில் தவறில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டால், தீர்ப்பை வேறு யாரோ எழுதிவிடுவார்கள். எந்தக் கட்சி ஏறுகிறது, எந்தக் கட்சி இறங்குகிறது என்று விசாரிக்கும் முன், பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் விசாரித்துக்கொள்வது நல்லது.