டவுன்லோட் செய்தால் மட்டும் போதாது, டிக்கெட்டும் வாங்குங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் வேலைகளில் ஒன்று பாட்டு சேர்ப்பது. நண்பர்களின் பென் டிரைவிலிருந்து காப்பி செய்து ஒரு போல்டரை நிரப்பிவிடுவோம். இன்டர்நெட் இணைப்பு இருந்தால் தேடிய பாட்டு சில நொடிகளில் ஒலிக்கும். இவ்வளவு வசதி இருக்கும்போது, டிக்கெட் எடுத்து, கூட்டத்தில் நின்று ஒரு புதிய இசைக்குழுவைக் கேட்பது எதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் பாட்டு கேட்பவர்கள்தான் கட்டாயம் அங்கே போக வேண்டும் என்பது என் கருத்து.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 2002ல் தொடங்கிய ஆர்க்டிக் மங்கீஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஓர் இண்டி ராக் குழு. 'இண்டி' என்பது இன்டிபென்டன்ட் என்பதன் சுருக்கம். பெரிய ரெக்கார்டு கம்பெனிகளைச் சாராமல் இயங்கும் குழுக்களை முதலில் அப்படி அழைத்தார்கள். இவர்கள் 2003 ஜூனில் கிரேப்ஸ் என்ற பப்பில் முதல் நிகழ்ச்சி நடத்தினார்கள். பிறகு போர்டுவாக் போன்ற சிறிய அரங்குகளில் வாசித்தார்கள். தங்கள் பாடல்களை சிடியில் ரைட் செய்து, வந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்.

ரசிகர்கள் அந்த சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு எம்பி3 பைல்களாக மாற்றினார்கள். இதற்கு 'ரிப்' செய்வது என்று பெயர். ஆடியோ சிடியில் ஒரு நிமிட இசைக்குச் சுமார் 10 எம்பி இடம் தேவை. 128 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 ஆக மாற்றினால் சுமார் 1 எம்பி போதும். அதனால் அன்றைய மெதுவான இணைப்புகளிலும் பாடல்கள் எளிதாகப் பரவின. மைஸ்பேஸ் தளத்தில் குழுவின் பெயரில் பக்கம் தொடங்கியவர்களும் ரசிகர்களே. 2005ல் டொமினோ என்ற இண்டி கம்பெனி இவர்களை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் இவர்களுடைய பாடல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 2006 ஜனவரியில் வந்த முதல் ஆல்பம் ஒரே வாரத்தில் மூன்றரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஒரு குழுவின் முதல் ஆல்பத்துக்கு பிரிட்டனில் அன்றுவரை இல்லாத வேகம் அது.

"இன்டர்நெட் உருவாக்கிய குழு" என்று அப்போது பேசினார்கள். இதில் பாதிதான் உண்மை. பைல் வேகமாகப் பரவியது சரி. ஆனால் முதல் சிடி கை மாறிய இடம் சிறிய அரங்கம். ரசிகர்கள் தாங்களாகச் சேர்த்துப் பரப்பிய பாடல் தொகுப்புக்கும் போர்டுவாக் அரங்கின் பெயரைத்தான் வைத்தார்கள்.

பைலில் வராதது என்ன என்று கேட்கலாம். பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரால் அந்த ஒலியைச் சரியாகத் தர முடியாது. சிறிய அரங்கில் அதை நெஞ்சில் உணரலாம். அலுவலக வேலையாக வட இங்கிலாந்தில் சில மாதங்கள் இருந்தபோது, ஆல்பமே வெளியிடாத ஒரு குழுவின் நிகழ்ச்சிக்குப் போனேன். நூறு பேர் நின்றால் நிறைந்துவிடும் அறை. நடுவில் கிடார் கம்பி அறுந்தது. அதை மாற்றும்வரை டிரம்ஸ் வாசிப்பவர் நிறுத்தாமல் அடித்துச் சமாளித்தார். புதிய பாட்டு ஒன்றுக்குக் கூட்டம் அசையவில்லை. அடுத்து உடனே வேகமான பாட்டுக்கு மாறினார்கள். கேட்பவரைப் பார்த்துப் பைல் தன்னை மாற்றிக்கொள்ளாது. புதிய குழு தொழில் கற்பது இப்படித்தான். நிகழ்ச்சி முடிந்ததும் பாடகரே மேஜை போட்டு சிடியும் டி-ஷர்ட்டும் விற்றார்.

இப்படிப்பட்ட அரங்குகள் குறைந்துகொண்டே வருவதுதான் கவலை. போர்டுவாக் 2010ல் மூடப்பட்டது. பிரிட்டனில் 2023ல் மட்டும் 125 சிறிய அரங்குகளில் நேரடி இசை நின்றுபோனதாக மியூசிக் வென்யூ டிரஸ்ட் கணக்குச் சொன்னது. வாடகை, மின்கட்டணம் எல்லாம் அரங்கின் வருமானத்தில்தான் நடக்க வேண்டும். நாம் வீட்டில் எத்தனை முறை கிளிக் செய்தாலும் அந்த அரங்குக்கு ஒரு பைசாவும் போகாது. இணையத்தில் ஏற்றியது என்றும் இருக்கும் என்றும் நம்ப முடியாது. பழைய பைல்கள் பெருமளவில் சர்வர் மாற்றத்தின்போது அழிந்துவிட்டதாக மைஸ்பேஸ் 2019ல் அறிவித்தது.

படிப்புக்கோ வேலைக்கோ இப்படிப்பட்ட அரங்குகள் உள்ள ஊருக்குப் போனால் இவற்றை நினைவில் வையுங்கள்:

* குழுவின் இரண்டு மூன்று பாடல்களை முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். டிக்கெட்டை அரங்கின் சொந்த இணைய தளத்தில் வாங்குங்கள்.

* காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். சிறிய அறையில் சத்தம் மிக அதிகம்.

* நிகழ்ச்சி முழுவதையும் மொபைலில் பதிவு செய்யாதீர்கள். பெரும் சத்தத்தில் அதன் மைக் திணறும். பின்னால் நிற்பவருக்கும் மறைக்கும்.

* பிடித்திருந்தால் குழுவிடமே சிடி வாங்குங்கள். ரிப் செய்து, பேக்கப்பும் எடுத்து வையுங்கள். குழு தானே இலவசமாகத் தந்தால் தாராளமாகப் பகிரலாம். விற்பதைக் காப்பி செய்து பரப்புவது அவர்கள் பிழைப்பில் கை வைப்பதாகும்.

நல்ல குழு எது என்று தேடித் தரக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்தக் குழு அடுத்த ஊரிலும் வாசிக்க வேண்டுமானால், டிக்கெட்டை நாம்தான் வாங்க வேண்டும்.