பெருவெடிப்பு இருக்கட்டும், வவுச்சர் எங்கே?

"ஆய்வகத்தில் பெருவெடிப்பு!" என்று தலைப்புப் போடுகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்.

அமெரிக்காவின் புரூக்ஹேவனில் 2000 முதல் தங்க அணுக்கருக்களை மோதவிட்டார்கள். நேருக்கு நேர் மோதலில், பக்கவாட்டில் அதிவேகமாய்த் தெறிக்கும் துகள்கள், புரோட்டான் மோதலை வைத்துப் போட்ட கணக்கில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வந்தன. குவார்க்-குளுவான் குழம்பு அவற்றின் ஆற்றலைத் தின்றுவிட்டது என்றார்கள்.

நான் பி.காம். கணக்கு உதைத்தால் தொடக்க இருப்பைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அங்கேயும் அதே கேள்வி: வேகமாய் ஓடும் தங்கக் கருவிலேயே குளுவான்கள் குறைச்சலாக இருந்தால்?

2003-ல் டியூட்டிரானைத் தங்கத்தோடு மோதினார்கள். அதே தங்கம்தான், ஆனால் பெரிய குழம்புக்கு இடமில்லை. அந்தக் குறைவைக் காணோம்! தங்கம்-தங்கம் மோதலிலும் ஒளித்துகள்கள் (வலுவிசைக்குச் சிக்காதவை) குறையாமல் வெளியே வந்தன.

எனக்குப் புல்லரித்த இடம் இதுதான். நீங்களோ வவுச்சரைக் கிழித்துப் போட்டுவிட்டு மொத்தத்தை மட்டும் நீட்டுகிறீர்கள். எதை வைத்து நம்புவதாம்?