பழி அவள்மேல் இல்லை

காலையில் காபியை நீட்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. டம்ளரை அவர் ஒரு கையால் வாங்குவதில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து வாயை அதனிடம் கொண்டுபோகிறார்; அப்படியும் பாதி சட்டையில் சிந்துகிறது. போன தீபாவளிக்கு எடுத்த அந்தச் சட்டை தோளில் தொளதொளக்கிறது, வயிற்றில் மட்டும் பொத்தான் பூட்ட முடியவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியில் எழுந்து வீட்டுக்குள்ளேயே நடை. ஜன்னலோரம் அவர் ஷேவ் செய்தபோது கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்ததை அவள் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. கல்லீரல் கெட்டுவிட்டது என்று ஸ்கேன் சொல்வதற்கு வெகுநாள் முன்பே, தமிழ்நாட்டுப் பெண்கள் அதைக் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். மனைவி, அம்மா, சில வீடுகளில் பத்தாவது படிக்கும் மகள். பார்த்ததை வெளியே சொன்னால் என்ன கிடைக்கிறது? "நீ அனுசரிச்சுப் போயிருந்தா அவன் ஏன் குடிக்கப் போறான்?" என்கிறது மாமியார் வீடு. "சம்பளத்தை நீ கையில வாங்கி வெச்சிருக்கணும்" என்கிறார் கூடப்பிறந்த அண்ணன். ஆகவே அவள் மறைக்கப் பழகிக்கொள்கிறாள். வேலை செய்யும் இடத்துக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்கிறாள். கண் மஞ்சளித்தால் காமாலை என்ற சொல் கைகொடுக்கிறது; கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் வைத்தால் அக்கம்பக்கம் வேறு கேள்வி கேட்காது. அவர் செத்த பிறகும் துக்க வீட்டில் அதே சொல்தான். "காமாலை முத்திடுச்சு."

அவள்மேல் போடப்படும் இந்தப் பழி அநியாயம். பழி போடுகிறவர்கள் குடிநோயைப் பற்றி அரிச்சுவடிகூட அறியாதவர்கள்.

"மனசு வெச்சா விட்டுடலாம்" என்பது நம் ஊரில் எல்லோருடைய வைத்தியம். கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடமாட்டார், கோயிலில் கயிறு கட்டினால் பயந்து நிறுத்திவிடுவார் என்று நம்புகிறோம். பக்தியை நாம் குறை சொல்லவில்லை. அந்த 48 நாள் நிம்மதி பல குடும்பங்களுக்கு ஆண்டில் கிடைக்கும் ஒரே நிம்மதி. ஆனால் பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்த உடம்பு, சட்டென்று நிறுத்தினால் தாங்காது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துவார், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது. அது உயிரைப் பறிக்கும் கட்டம். வீட்டில் சாமி குத்தம் என்று விபூதி பூசுகிறார்கள். அல்லது யாரோ ஓடிப்போய் ஒரு குவார்ட்டர் வாங்கி வருகிறார்கள். நடுக்கம் நிற்கிறது, 'இவன் திருந்த மாட்டான்' என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. மருத்துவமனையில் படுக்கவைத்து, நடுக்கத்தை அடக்கும் மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்துக் கவனித்தால், பெரும்பாலோர் ஒரு வாரத்தில் கடந்துவிடும் கட்டம் இது.

பேருந்து நிலையச் சுவர்களில் இன்னொன்று ஒட்டியிருக்கிறது: குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில்லை. டைசல்பிராம் என்ற மருந்து அதில் இருந்துவிட்டால்? அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். அதனால்தான் நோயாளியின் சம்மதம் இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ விதி. தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிய பொடியைச் சாம்பாரில் கலக்கும் பெண்ணை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். போக வேண்டிய இடத்தை யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

காட்ட வேண்டியது யார்? மதுவை விற்கும் அரசுதான். 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. 2023-24-இல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம், 1937-இல் ராஜாஜி சேலத்தில் அதைக் கொண்டுவந்த நாளிலிருந்து நடக்கிறது. இன்று நாம் அதற்குள் போகவில்லை. கடை இருக்கும்வரை அதற்கான பொறுப்பும் இருக்க வேண்டும் என்பதுதான் நம் வாதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மடிந்தபோது அமைச்சர்கள் ஓடிவந்தார்கள், குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். அரசு முத்திரையோடு விற்ற பாட்டிலால் வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து, தனித்தனி வீடுகளில் சாகிறவர்களின் வாசலுக்கு யாரும் வருவதில்லை. நீலகிரியில் 2022-இல் தொடங்கிய திட்டப்படி காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கிடைக்கிறது. பாட்டிலைத் திரும்ப வாங்க இடம் வைத்த அரசால், குடித்தவரை மீட்க ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் நாலு படுக்கையும் ஓர் ஆலோசகரும் ஏன் வைக்க முடியாது?

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். குடித்தவரோடு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. ஒரு தனிப்பெண்ணுக்குப் புரிந்த இந்த விஷயத்தை அரசு இன்னும் முழுமையாகத் தன் கடமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

குடித்தவரை நாம் விடுவித்துவிடவில்லை. அடிமைத்தனம் நோய், அவர் அதைக் கேட்டு வாங்கவில்லை. ஆனால் கையைப் பிடித்து அழைக்கும்போது சிகிச்சைக்கு வருவது அவர் பொறுப்பு. மனைவியை அடிப்பது நோயின் அறிகுறி ஆகாது. அது குற்றம், அதற்கு 181 என்ற எண் இருக்கிறது.

அந்த மூன்று வாரத்தை நான்காவது வாரமாக்க வேண்டாம், அம்மா. கண் மஞ்சள், வீங்கிய வயிறு, ராத்திரி நடை எல்லாம் இன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், வலிப்பு, பேச்சில் குழப்பம் என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அங்கே போய்க் காமாலை என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை வருடமாகக் குடிக்கிறார், தினம் எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்பதை, கூட வந்த மாமனார் முறைத்தாலும், டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.