வாசலில் கேட்பது 40தான்

சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான அறிவிப்பு வரும் நாட்களில், வட்டக்கோட்டை, லீபுரம், அஞ்சுகிராமம் வட்டாரத்தில் நம் தெருக்களில் ஒரே பதில்தான் கேட்கிறது: “நமக்கு மார்க்கு கொறவு, அங்க எடுக்க மாட்டாவ.” டிகிரி முடித்த பிள்ளையும் இதைச் சொல்கிறது, பெற்றவர்களும் சொல்கிறார்கள். கல்லூரி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. விண்ணப்பமே போடாதவர்களுக்கு அது என்ன பதில் சொல்ல முடியும்?

விதியை முதலில் தெரிந்துகொள்வோம். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்பில் சேர, பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினர் 45 சதவீதமும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். பிளஸ் 2 முடித்துச் சேரும் ஐந்தாண்டுப் படிப்புக்கும் இதே அளவுதான். சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியின் ஆனர்ஸ் படிப்புக்குத் தகுதி மதிப்பெண் இதைவிட அதிகம். அதைக் கேள்விப்பட்டு, எல்லாச் சட்டக் கல்லூரிகளுக்கும் அப்படித்தான் என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம்.

40 எடுத்தவர் எல்லோருக்கும் இடம் உறுதி என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே தரவரிசையும் கலந்தாய்வும் நடக்கின்றன. ஆனால் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீத இடங்களுக்கு நம் பிள்ளைகள் போட்டியிடுவது நம் பிள்ளைகளோடுதான். அந்த 18இல் 3 சதவீதம் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்குத் தனியே 1 சதவீதம். இந்தப் பட்டியலில் பெயர் வர வேண்டுமானால் முதலில் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

மார்க் ஏன் குறைந்தது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. சனி, ஞாயிறு கொத்தனாருக்குக் கையாளாகப் போன பையன், அம்மா வேலைக்குப் போனதால் வீட்டையும் தம்பியையும் பார்த்துக்கொண்ட பெண், பிளஸ் 2 வரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் திடீரென ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்தவர்கள்: முதல் இரண்டு செமஸ்டரில் விழுந்த அரியர்களுக்குப் பின்னால் இந்தக் கதைகள்தான் இருக்கின்றன. அந்த மார்க் ஷீட்டை வைத்து ஒரு பிள்ளையின் அறிவை அளந்துவிட முடியாது.

அண்ணல் அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் எடுத்த மதிப்பெண் 750க்கு 282. நூற்றுக்கு 38கூட வரவில்லை. அவரே பின்னர் கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டம் பெற்றார். கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வரானார். படத்துக்கு மாலை போடும் நாளில் இந்த 282ஐயும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இது ஒரு வேலைக்கான கவலை மட்டும் இல்லை. இங்கிருந்து சற்றுத் தூரத்தில் உள்ள சுசீந்திரத்தில், கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகவே 1926இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. இன்று உரிமைகள் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால், சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கை நடத்த அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம். அப்படி ஒருவரைக் கேட்கும்போது நம் தெருவிலிருந்து வளர்ந்தவர் பெயரைச் சொல்ல முடிய வேண்டாமா? இன்று ஒரு பிள்ளை சேர்ந்தால்தான் பதினைந்து, இருபது ஆண்டு கழித்து அப்படி ஒரு மூத்தவர் இருப்பார்.

செலவைச் சொல்லித் தயங்குபவர்களுக்கும் வழி உண்டு. அரசு சட்டக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்கும். ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதிகள் உள்ளன. படிப்பு முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது, முத்திரைக் கட்டணம் தவிர, பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

மீதி இருப்பது தூரம். குமரி மாவட்டத்தில் அரசு சட்டக் கல்லூரி இல்லை. ஏறத்தாழ 80 கி.மீ. தள்ளி, 1996இல் தொடங்கிய திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிதான் நமக்குப் பக்கம். தினமும் போய்வருவது கடினம். விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளை பாதியில் நின்றுவிடும். எனவே நாகர்கோவிலில் ஓர் அரசு சட்டக் கல்லூரி வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம். அதுவரை, நெல்லையில் சேரும் குமரி மாணவர்களுக்கு விடுதி இடத்தை உறுதிசெய்து, முதலாண்டில் ஆங்கிலப் பயிற்சியும் தர வேண்டும். இந்த 40 சதவீத விதியைக் கல்லூரி விடுதிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு ஆதிதிராவிடர் நலத்துறைக்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. தெருவில் டிகிரி முடித்தவர்கள் யார் யார் என்று கணக்கெடுப்போம். சாதிச் சான்று, வருமானச் சான்று, மார்க் ஷீட் மூன்றையும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்வோம். சதவீதத்தைக் கூடவே உட்கார்ந்து கணக்குப் போடுவோம். 40க்கு மேல் இருந்தால், கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பத்தை அனுப்பிவிடுவோம். இடம் உண்டா இல்லையா என்பதைக் கலந்தாய்வு சொல்லட்டும்.