மென்பொருளின் சாவி யார் கையில்?

எமது கடைகளில் பற்றுச்சீட்டு, சரக்கு இருப்பு, கடன் கொப்பி எல்லாம் இன்று கணினிக்குள் போய்விட்டன. ஆனால் மென்பொருள் வாங்கும்போது நாம் விலையை மட்டுமே கேட்கிறோம். அதன் சாவி யார் கையில் என்று கேட்பவர் குறைவு.

மென்பொருள் தயாரிப்பில் இரு வழிகள் உண்டு. ஒன்று, நிறுவனம் மூலநிரலைப் பூட்டி வைத்து, பாவிக்கும் உரிமையை மட்டும் விற்பது. மற்றையது, மூலநிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் விடுவது. இதுவே திறந்த மூல மென்பொருள்.

இரண்டிலும் இலங்கையர் சாதித்துள்ளனர். பங்குச் சந்தைகளுக்கான மென்பொருளைப் பூட்டிய வழியில் தயாரித்து விற்றது மிலேனியம் ஐடி. 2009இல் லண்டன் பங்குச் சந்தை அந்நிறுவனத்தையே 3 கோடி டொலருக்கு வாங்கியது.

மற்றைய வழிக்கு உதாரணம் 'சஹானா'. வடமராட்சி கிழக்கையும் அழித்த 2004 டிசம்பர் சுனாமியின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய எமது நாட்டுத் தொண்டர்கள் இதை உருவாக்கினர். மூலநிரல் திறந்திருந்ததால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹைட்டியிலும் அது உதவிற்று.

"இலவசமாகக் கொடுத்தால் வியாபாரம் எப்படி?" என்று கேட்கலாம். 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற இலங்கை நிறுவனம் மூலநிரலைத் திறந்து வைத்து, பராமரிப்புக்கும் ஆதரவுச் சேவைக்கும் பணம் வாங்கியது. 2024இல் சுவீடனின் ஈ.கியூ.டி. முதலீட்டுக் குழுமம் அதை 60 கோடி டொலருக்கு மேற்பட்ட பெறுமதியில் வாங்க முன்வந்தது.

ஆக, இரு வழியிலும் இலாபம் உண்டு. வாங்கும் நாம்தான் யோசிக்க வேண்டும். விற்றவர் தொழிலை மூடிவிட்டால் பூட்டிய மென்பொருளை வேறெவராலும் திருத்த முடியாது. திருட்டுப் பிரதி இதற்குத் தீர்வல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம்.

திறந்த மூலத்திலும் செலவு உண்டு. நிறுவவும், பழக்கவும், பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். ஆனால் யாழ். பல்கலைக்கழகத்தில் கணினி படித்து வெளிவரும் எமது பிள்ளைகளுக்கே அந்தக் கூலியைக் கொடுக்கலாம்.

கடிதம், அட்டவணை வேலைகளுக்கு லிப்ரே ஆபிஸ் போதும், அதிலிருந்து தொடங்குங்கள். கடைக் கணக்கு மென்பொருள் எதுவானாலும், "என் கணக்கை முழுதாக வெளியே எடுத்து வேறொன்றில் போட முடியுமா?" என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். 'முடியாது' என்றால் வேறு கடையைப் பாருங்கள்.